ஆறாவது மலையில் ஒரு குழி

நஸ்மி நானா கடையை மூடியபோது
கடனுக்குப் பதிலாக எனக்குத் தந்தது
ஒரு பிஸ்கட் டின் நிறைய கேம் கசெட்.
"போன் திருத்துறவளுக்கு உதவும்,
ஈயமாவது தேறும்."

மஞ்சள் கசெட் அடியில் கிடந்தது.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது விளையாட்டு என்று முகத்தில்.
எண்ணிப் பார்த்தேன்: பதினொன்று.
மற்றதெல்லாம் அதே பதினொன்று,
வேறு பெயரில், வேறு நிறச் சட்டையில்.
அன்று எண்ணத் தோன்றவில்லை.
இருபது நிமிஷத்துக்கு ஐந்து ரூபாய்,
எண்ணிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

ஹட்டனில் காலையிலிருந்து தூறல்.
ஆள் வரவில்லை.
கசெட்டின் பற்களை ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
அன்று ஊதுவோம். ஊதினால் வேலை செய்யும் என்பது
எங்கள் மதம்.
எச்சில்தான் செம்பை அரித்தது என்று
பிழைப்புக்காகப் படித்தபோது தெரிந்தது.

திரை விழித்தது.

வானம் ஒரே நீலம்.
மலை என்று இரண்டு முக்கோணம்,
ஓட ஓட அதே இரண்டு திரும்ப வரும்.
மலையிலேயே பிறந்த நாங்கள்
அதை மலை என்று ஒத்துக்கொண்டிருந்தோம்.
இசை பதினாறு வினாடி,
பிறகு மறுபடியும் அந்தப் பதினாறு.
பொத்தானை அழுத்தினால்
யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறான்
கந்தோரில் கையெழுத்துக் கேட்டது போல.

கதாநாயகனை இன்றுதான் சரியாகப் பார்த்தேன்.
வெள்ளைத் தொப்பி, காக்கி அரைக்காற்சட்டை,
முழங்கால் வரை மேஜோடு,
கையில் பிரம்பு.
எதிரே வருகிறவர்கள் கறுப்பு. இடுப்பில் இலை.
ஈட்டிக்காரனை அடித்தால் நூறு புள்ளி.
சுமை தூக்கி வருகிறவனுக்கு ஐம்பதுதான்,
அவன் திருப்பி அடிக்க மாட்டான்.
இடமும் வலமும் நடப்பதைத் தவிர
அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.
தந்திரக்காரர்கள் என்று பயந்தோம்.

லயத்திலிருந்து நாலு மைல் நடந்து வந்து,
பஸ் சல்லியை நானாவிடம் கொடுத்து,
யார் முதலில் துரையாவது என்று
அடித்துக்கொண்டோம்
நானும் சந்திரபோஸும்.

ஆறாவது மலையில் ஒரு குழி.
அதில் விழுந்ததற்கெல்லாம்
கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன்.
அந்தியில் ஊரே லைட் போட, வோல்டேஜ் இறங்கி
படம் நாலு பக்கமும் சுருங்கும்.
குழி மட்டும் சுருங்காது.

"நான் தாண்டிட்டேன்" என்றான் போஸ்.
புதன்கிழமையாம். கடையில் யாரும் இல்லாத நேரமாம்.
அந்தப் பக்கம் ஐஸ் கொட்டுதாம், தங்கக் கதவாம்,
ஒரு பொம்பள கையைக் காட்டுறாளாம்.
அன்றிலிருந்து முதல் ஆட்டம் அவனுக்கு.
"பொம்பளப் பிள்ளைக்கு விரல்ல வேகம் பத்தாது."
எட்டு மாதம் நான் அவனோடு பேசவில்லை.
அந்த விரலால்தான் இப்போது
கடுகளவு சில்லை ஒட்டுகிறேன்.

இன்று படத்தை நிறுத்தி நிறுத்தி அளந்தேன்,
ஒரு வினாடியை அறுபதாக வெட்டி.
அவன் பாய்ச்சல் நாலரைக் கட்டம்.
குழி ஐந்து.
களவாகப் பிரதி எடுத்தவன் எவனோ
ஒரு கல்லைத் தவறவிட்டிருக்கிறான்.
எவருடைய விரலாலும் முடியாது.

போஸுக்கு எடுத்தேன். வத்தளையில் டைல்ஸ் கடை.
"அந்த ஆறாவது மலை" என்றேன்.
எந்த மலை என்று அவன் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம்
அவன் பக்கத்து லொறி மட்டும் பேசியது.
பிறகு, "அங்க மழையா?"
"தூறல்."
"ஐஸ் இருக்குனு சும்மா சொல்லல" என்றான்.
"அந்தப் பக்கம் ஏதாவது இருக்கணும்ல."

திரையில் துரை இன்னும் விளிம்பில் நிற்கிறார்.
ஒன்றையும் அழுத்தாமல் விட்டால்
காலைத் தட்டுவார், கடிகாரம் பார்ப்பார்.
நேரம் முடிய இன்னும் தொண்ணூறு வினாடி.

நான் தேத்தண்ணி போடப் போனேன்.