அனுபவம்: ஆண்டுகளில் எழுதவும்

அந்தக் கட்டத்தில் நான்கு என்று எழுதி
அடித்தேன்.
மூன்றாம் மாடி தெல்ஃபினாவின் மகளுக்கு
வலிப்பு வந்த இரவுகளில்
ஒருக்களித்துப் படுக்கவைத்து
விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்ததற்கு
யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை.
சம்பளம் வாங்காத வேலை அனுபவம் ஆகாதாம்.
ஏஜென்சிப் பெண் சொன்னாள், கனிவாகத்தான்,
தன் நகங்களைப் பார்த்தபடி.

சுழியம் என்று மாற்றினேன்.
வட்டமாக, நிதானமாக.

விடிவதற்கு முன் அமதோராவிலிருந்து லிஸ்பனுக்கு ரயில்.
வங்கிக் கட்டடத்தின் ஒன்பது மாடிக்
குப்பைக்கூடைகளையும் எனக்குத் தெரியும்:
யார் அழுதார்கள், யார் மாத்திரை விழுங்கினார்கள்,
யார் மதியம் சாப்பிடவேயில்லை.
எட்டரைக்கு அவர்கள் உள்ளே வரும்போது
நான் அங்கே இருந்ததே இல்லை.

பத்து மணிக்கு மேல் நேர்காணல்கள்.
ப்ளீச் வாசம் போக
எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்துக்கொள்வேன்.
"உங்களுக்குப் பொறுமை உண்டா?" என்றார்கள் ஒரு வீட்டில்,
ஒன்றேகால் மணி நேரம் காக்கவைத்துவிட்டு.
இன்னொரு வீட்டில் பிள்ளையைக் காட்டவேயில்லை;
புகைப்படத்தைக் காட்டினார்கள்,
எதுவும் தெரிவதற்கு முன் எடுத்தது.
ஓரிடத்தில் என் பெயரை வாயில் போட்டுப் பார்த்து
"சூலி என்று கூப்பிடலாமா?"
கூடாது என்றேன்.
ட்ராம் காசு வீண்.

ஏழாவது வீடு காம்போ த ஓரிக்கில். நான்காம் மாடி, லிஃப்ட் பழுது.
கிராசா, பல் மருத்துவர்.
சட்டையில் ஒரு பித்தானை மாற்றிப் போட்டிருந்தாள்.
லொரென்சுவுக்கு ஆறு வயது, பேச்சு இல்லை.
மேசைக்கு அடியில்
பாத்திர மூடி ஒன்றைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.
நான் குனிந்து கொஞ்சவில்லை.
ஒருவர் வேலையாக இருக்கும்போது
குறுக்கே போகக் கூடாது;
ஒன்பது மாடியிலும் அதுதான் விதி.

அவளிடம் பதினெட்டுக் கேள்விகள் இருந்தன.
ஐந்தாவதில் நான் ஒன்று கேட்டேன்:
"நீங்கள் கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?"
பேனா நின்றது.
"அது இந்தத் தாளில் இல்லை" என்றாள்.

மூடி ஓயும்போதெல்லாம் பையன்
இடது காதை மட்டும் பொத்தினான்.
இடது பக்கம் சமையலறை.
சொல்லலாமா என்று நினைத்தேன்.
கேட்காமலே அறிவு சொல்கிறவளை
யாரும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

தகவல் சொல்கிறோம் என்றாள்.
எல்லாக் கதவும் இதைச் சொல்லித்தான் சாத்திக்கொள்கிறது.

இரவு பதினொன்றரைக்கு ஃபோன்.
வேலையைப் பற்றி அல்ல.
பின்னால் சுவரில் ஏதோ மோதிக்கொண்டிருந்தது, சீராக.
தலை என்று புரிய
எனக்கு ஒரு மூச்சு ஆயிற்று.
"மன்னியுங்கள், வேறு யாரைக் கூப்பிடுவது என்று..."
"ஃப்ரிட்ஜை அணையுங்கள்."
"என்ன?"
"ஃப்ரிட்ஜ். ப்ளக்கைப் பிடுங்குங்கள்."

எதையோ இழுக்கும் ஓசை.
பிறகு, என் கட்டிலில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது,
அந்த வீட்டில் ஒரு முணுமுணுப்பு அறுந்து விழுந்தது.
மோதல் இன்னும் ஏழெட்டு முறை.
இடைவெளி.
ஒன்று.
அப்புறம் இல்லை.

"பால் கெட்டுப்போகும்" என்றாள் நெடுநேரம் கழித்து.
சிரித்தாளா, தெரியாது.
"போகட்டும்.
ஆனால் எப்போதும் இது பலிக்காது" என்றேன்.
பொய் சொல்லி நுழைகிற வேலை இல்லை இது.

"திங்கட்கிழமை வருவீர்களா?"
வருகிறேன் என்பது நாக்குவரை வந்துவிட்டது.
வாயை மூடிக்கொண்டு எண்ணினேன்,
வலிப்பை எண்ணுவதுபோல.
"ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். சமூகக் காப்பீடு.
ஞாயிறு எனக்கு. பெயர் முழுசாக."
"சொல்லுங்கள்."
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்: ஸுல்மீரா.

இருட்டில் தாள் புரளும் சத்தம்.
"அனுபவம்..." என்று இழுத்தாள்.
"நான்கு ஆண்டு" என்றேன்.
"அடித்தல் இல்லாமல் எழுதுங்கள்."