கீழே போவதற்கு முன்

விவாகரத்துக் காகிதம் வந்த மாதத்தில்
என் கொழுந்தன் எமெட்
தன் வண்டியை ஆறு அங்குலம் உயர்த்தினான்.
ஏன் என்று எல்கோவில் ஒருவரும் கேட்கவில்லை.
முப்பத்தேழு அங்குல டயர்.
ஏறி உட்கார ஒரு கைப்பிடி, ஒரு பெருமூச்சு.
அங்கிருந்து பார்த்தால்
எங்கள் வீட்டுக் கூரை தாழ்வாகத் தெரிகிறதாம்.

இப்போது முன்சக்கரத்தில் ஒரு முனகல்.
நாற்பது மைல் வேகத்தில் தொடங்கி
அறுபதில் ஊளையாகிறது.
பேரிங்கோ என்றான். பேரிங்தான் என்றேன்.
தங்கச் சுரங்கத்தில் பன்னிரண்டு வருடம்
வீட்டளவு சக்கரங்களின் நோவைக் காதால் கேட்டவள் நான்.

உயரத்துக்கு வாடகை உண்டு.
வண்டியோடு வந்த ஜாக்
குட்டைப் பையன் பரணைப் பார்ப்பதுபோல்
அண்ணாந்து நிற்கிறது.
சேஸிஸில் முட்டுக்கொடுத்தால்
ஸ்பிரிங் நீளும், ஆக்சில் தொங்கும்,
வண்டி மேலே மேலே போகும்
சக்கரம் மட்டும் தரையை விடாது.
"ஆக்சிலில் வை" என்றேன்.
"எது தாழ்ந்திருக்கிறதோ அதைத் தாங்கு."

அதற்குள் அவன்
இரண்டு ஹாலோ பிளாக்கை அடுக்கியிருந்தான்.
பூட்ஸால் எட்டி உதைத்தேன்.
சுவரில் அது கல்,
ஜாக்குக்குக் கீழே பிஸ்கட்.
உடையப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது.

பழைய ரயில் கட்டையை அறுத்துக்
குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கினோம்.
பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு.
ஹேண்ட் பிரேக்.
சக்கரம் தரையில் இருக்கும்போதே
நட்டுகளுக்கு அரைச்சுற்று.
பிறகு அவன் ஜாக்கை அடிக்க அடிக்க
வண்டி
முழங்கால் வலிக்காரன் எழுவதுபோல் எழுந்தது.

ஸ்டாண்டு வைத்தோம். பாரத்தை அதில் இறக்கினோம்.
ஜாக்கை உருவிக் கொட்டகைப் பக்கம் தள்ளினான்.
கழற்றிய சக்கரத்தை உருட்டிவந்து
ஆக்சிலுக்கு அடியில் படுக்கவைத்தேன்.
"ஸ்டாண்டு இருக்கிறதே, லொரேனா."
இருக்கட்டும் என்றேன்.
அட்டையை விரித்தான்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒரு முழங்காலை மடக்கினான்.
"பொறு" என்று
இடுப்பால் வண்டியை ஒரு இடி இடித்தேன்.

காலையில் உறைந்து கல்லாய்க் கிடந்த சரளை
பதினோரு மணி வெயிலில் இளகியிருந்தது.
ஜாக்குக்குக் கட்டை வைத்தவர்கள்
ஸ்டாண்டுக்கு வைக்க மறந்திருந்தோம்.
அவன் மட்டுமல்ல. நானும்.
ஸ்டாண்டின் ஒரு கால் சேற்றுக்குள் இறங்க
மற்ற மூன்றும் அதன் பேச்சைக் கேட்டன.

சரியாக ஆறு அங்குலம் விழுந்தது.

சத்தம் ரூபி மலைவரை போய்த் திரும்பியிருக்கும்.
நாய் வேலிக்கு அப்பால் போய்விட்டது.
படுக்கவைத்த சக்கரத்தின் மேல்
ஆக்சில் உட்கார்ந்திருந்தது,
ரிம்மில் ஒரு நசுக்கல்.
அட்டையில் யாரும் இல்லை.

எமெட் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான்.
அதில் பல் தடம்.
என்னவோ சொல்ல வந்தான்.
அந்தப் பெண்ணின் பெயராக இருக்கலாம்;
சொல்லவில்லை.
"ரிம் நானூறு டாலர்" என்றான்.
"மலிவு" என்றேன்.
உள்ளே போய்க் காபி குடித்தோம்.
ஆறியதையும் குடித்தோம்.

மறுபடி முதலிலிருந்து.
கட்டை, ஜாக், கட்டை, ஸ்டாண்டு.
ஸ்டாண்டுக்குக் கீழே கெட்டிப் பலகை.
ஜாக்கும் இம்முறை உடன் நின்றது
தொட்டும் தொடாமலும்.
இடித்தேன். அசையவில்லை.
அவன் இடித்தான்.
இருவரும் சேர்ந்து இடித்தோம்,
ஏதோ பழைய கடனைத் தீர்ப்பதுபோல்.

பிறகு அவன் கீழே போனான்.
இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே.
"பதினான்கு" என்று குரல் வந்தது.
சாக்கெட்டைக் கொடுத்தேன் ஒரு கையால்.
மறு கை
பம்பரின் மேலேயே இருந்தது,
இரண்டரை டன்னை
அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுபோல்.