அறுபதில் ஒரு முனகல்

வாங்கின முதல் மாதம் ஸ்கார்ப்பியோ வாயே திறக்கவில்லை.
இரண்டாம் மாதம்
விஜயமங்கலம் டோல்கேட் தாண்டி
முள் அறுபதைத் தொட்டபோது
பின்னாலிருந்து ஒரு முனகல்.
காலை எடுத்தால் நின்றது.
மிதித்தால் மறுபடி.

டயர் என்றார்கள்.
முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றினேன்.
வீல் பேரிங் என்றார்கள்.
ஊத்துக்குளி ரோட்டில் ஆளில்லாத நேரம்
இடமும் வலமும் ஒடித்துப் பார்த்தேன்.
எதிரே வந்த மொபெட்காரர்
குடிகாரன் என்று வைதுவிட்டுப் போனார்.

துளசிமணி சொன்னாள்:
"நீங்க ஓட்டுங்க. நான் கேக்கறேன்."
பின்சீட்டை மடக்கி, போர்வை விரித்து
தரையில் காது வைத்துப் படுத்தாள்.
பதினோரு வருஷம் நூல்மில்லில் நின்ற காது.
ஆயிரம் கதிர் சுற்றும் இரைச்சலில்
கெட்டுப்போன ஒன்றை
நடந்துகொண்டே கை காட்டும்.

"மிதிங்க."
மிதித்தேன்.
"உடுங்க."
விட்டேன்.
"இன்னொருக்கா."
பெருந்துறை வரை இதேதான்.
நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டு
நாளாகியிருந்தது.

"டயரும் இல்லீங், பேரிங்கும் இல்லீங்.
பல்லுங்க.
பல்லும் பல்லும் ஒத்துப்போகாத சத்தம்.
இழுக்கறப்ப மட்டும் அழுவுது."

சங்ககிரியில், லாரிகளுக்கு நடுவே,
சாதிக் வண்டிக்கு அடியில் போய்
டிஃபரன்ஷியலின் அடித்திருகைக் கழற்றினார்.
திருகின் காந்தத்தில் இரும்பு மயிர்.
ஆயில் வரவில்லை, கூழ் வந்தது.
இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்து
சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.

"மரத்தூளுங்க.
தேஞ்ச பல்லுக்கு மெத்தை.
விக்கிற வரைக்கும் சத்தம் வராது.
ஆருகிட்ட வாங்குனீங்க?"

நான் வாயெடுப்பதற்குள் அவள் முந்தினாள்:
"ஈரோட்டுல ஒரு புரோக்கருங்."

சாவியை என் கையில் வைத்து
அக்காளுக்காக என்று இரண்டாயிரம் குறைத்தவன்
காங்கேயத்தில் மரமில் வைத்திருக்கிறான்.
தீபாவளிக்கு வருவான்.
கறிக்கு அவள்தான் மசாலா அரைப்பாள்.

கிரௌன், பினியன், மூன்று பேரிங், புது ஆயில்.
அவள் சீட்டுப் பணம் முழுக்க.
நான் எண்ணிக் கொடுத்தேன்.
அவள் எண்ணுவதைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது அறுபது. எழுபது.
பவானிப் பாலத்தில் எண்பது.
கண்ணாடியை ஏற்றினேன்.
பின்னால், சீட்டை நிமிர்த்தாமல்
அதே போர்வையில் காது வைத்துப் படுத்திருந்தாள்.

"கேக்குதா?"

பெருந்துறை வந்த பிறகு சொன்னாள்:
"ம்."