பக்கம் திருப்புகிறவள்

மூன்று வருடம் அது என் வேலை.
எலியேசெரின் இடப்பக்கம் உட்கார்ந்து
அவன் படிக்கிற புத்தகத்தின் பக்கங்களைத் திருப்புவது.
விரல்கள் அவன் பேச்சைக் கேட்பதில்லை.
புருவத்தை உயர்த்துவான். திருப்புவேன்.

வால்டிவியாவில் மழை
கேட்காமல் வந்து சொல்லாமல் தங்கிவிடும்.
வகுப்பின் விறகடுப்பைச் சுற்றி எங்கள் காலுறைகள் காயும்,
ஈரக் கம்பளி நாற்றத்தோடு.
ஜன்னலுக்கு வெளியே, மீன்சந்தைப் படித்துறையில்
வெட்டி எறிந்த மீன் தலைகளுக்காகக்
கடற்சிங்கங்கள் குரைத்துக்கொண்டிருக்கும்.

ஃப்ளோரிந்தாவுக்குத் தங்கமான மனசு என்றார்கள்.
ஆண்டுவிழாவில் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்,
என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு.

ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை
ஓர்மென்யோ டீச்சர் ஒரு பெட்டியைப் பிரித்தார்.
சாம்பல் நிற மின்வாசிப்பான்,
சிலேட்டைவிடச் சின்னது.
வளைந்த இரும்புக் கை ஒன்றில் அதை மாட்டி
அவன் சக்கர நாற்காலியோடு திருகினார்.
கன்னத்தருகே பிஸ்கட் அளவில் மஞ்சள் பொத்தான்.
கன்னம் சாய்ந்தால் பக்கம் புரளும்.
அவ்வளவுதான்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

முதல் பக்கம்.
கடற்சிங்கங்கள் ஒரு சண்டையை முடித்து
அடுத்ததை ஆரம்பித்தன.
யாரோ அடுப்பில் விறகு போட்டார்கள்.
அவன் இன்னும்
முதல் பக்கத்தில் இருந்தான்.

"மாட்டிக்கிச்சா?"
"இல்ல. படிக்கிறேன்."

போன வருடம் நாங்கள் முடித்த அதே படகோட்டி கதைதான்.
வியாழக்கிழமை சொன்னான்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்:
"இதுல ஒரு நாய் சாகுது. உனக்குத் தெரியுமா?"
எனக்குத் தெரியாது. நான் படித்ததே இல்லை,
திருப்பியதோடு சரி.
"எனக்கும் தெரியாது. அடுத்த பக்கத்துல
அவன் ஏன் அழறான்னு யோசிச்சுட்டே இருந்தேன்."

"அப்புறம் ஏன் புருவத்தைத் தூக்கின?"

கொஞ்ச நேரம் பேசவில்லை.
"உன் விரல் முன்னாடியே ஓரத்துல வந்து நிக்கும்."

மதிய இடைவேளையில் நூலக அலமாரியிலிருந்து
பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.
நாற்பத்தேழாம் பக்கம், வலது கீழ்மூலை.
நாய் செத்த வரியின் மேல்
என் கட்டைவிரல் அழுக்கு.

அழிப்பான் கொண்டு தேய்த்தேன்.
எழுத்துத்தான் மங்கியது.

மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு போய்
அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
மழை. ஈரக் கம்பளி.
நாய்க்குப் பெயர் உண்டாம், ஏழாம் பக்கத்திலேயே இருக்கிறது.

"முடிச்சிட்டியா?" என்றான்,
மஞ்சள் பொத்தானில் கன்னத்தைச் சாய்த்தபடி.

"இரு," என்றேன்.