இருபத்து நாலாவது நட்

எர்ணாவூர் காற்று
இரும்பை நக்கியே தின்றுவிடும்.
கேட்டின் கொண்டி, தையல் மிஷின் கால்,
ஜெசிந்தாவின் சேஃப்டி பின் வரைக்கும் ருசி பார்த்தாயிற்று.
போன ஐப்பசியில் பழவேற்காட்டு மணலில்
டயர் மாற்ற இறங்கியபோது
பிக்கப்பின் ஒரு நட்
பாக்ஸ் ஸ்பேனருக்குள்ளேயே அப்பளமாக உதிர்ந்தது.
இரண்டு மணி நேரம்.
அலை வந்து பின்சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது,
கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுகிற மாதிரி
அவசரமே இல்லாமல்.

அன்றைக்கு முடிவு செய்தேன்: டைட்டானியம்.

சக்கரத்துக்கு ஆறு, மொத்தம் இருபத்து நாலு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஓவர்டைம் காசு,
கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்ததில் கொஞ்சம்.
பஞ்சுக்குள் படுத்து வந்தன,
சுட்ட நீலமும் ஊதாவுமாக;
மணலி ரோட்டு மழைத் தண்ணீரில்
டீசல் படர்கிற நிறம்.

ஜெசிந்தா சமையல் தராசில் வைத்துப் பார்த்தாள்.
பழசையும் வைத்தாள்.
"அறுநூறு கிராம் கொறைக்க பதினெட்டாயிரமா?
ரெண்டு நாளு பரோட்டாவ வுட்டிருந்தா
சும்மாவே கொறஞ்சிருக்கும்."
எடைக்காக வாங்கவில்லை என்றேன்.
அவள் தராசைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை, தண்டையார்பேட்டை,
எத்திராஜுலு கடை வாசல்.
"கன்னு கின்னு வெச்சிடாத.
சூடாச்சின்னா போல்ட்டக் கட்டிக்கும்,
அப்பால டைவர்ஸே கெடையாது. கையால ஏத்து."
மரையில் வெள்ளி கிரீஸ், சுண்டுவிரல் நுனியளவு.
எதிரெதிராக, நட்சத்திரம் வரைகிற வரிசையில்.
கடைசியில் டார்க் ரெஞ்சு
நூற்றிருபதில் ஒரு டொக்.
யாரோ என் உள்ளங்கைக்குள்
சொடக்கெடுத்தது போல.

இருபத்து மூன்று டொக்.

இருபத்து நாலாவது
கிரீஸ் விரலில் வழுக்கி
தார் மேல் மூன்று முறை துள்ளியது.
சத்தம்கூட இரும்பின் சத்தமில்லை,
கண்ணாடி வளையல் சத்தம்.
ஸ்லாப் உடைந்த கால்வாய்க்குள் போய்விட்டது.

ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி
தெருத் தெருவாக இழுத்துப் போகிற லோகு
"நவுருண்ணா, இதெல்லாம் ஒரு மேட்டரா" என்று உள்ளே விட்டான்.
சைக்கிள் செயின் அரை முழம் வந்தது.
ஒரு கரண்டி. மாட்டு லாடம்.
பூட்டியபடியே துருவேறிய ஒரு பூட்டு.
பாதி பிளேடு.
மறுபடி விட்டான். மறுபடி.
நான் பிறப்பதற்கு முன் தொலைந்ததெல்லாம் வந்தது,
பத்து நிமிஷத்துக்கு முன் தொலைந்தது வரவில்லை.

"இத்து காந்தத்துல ஒட்டாதா?"
"ஒட்டாது."
"துரு?"
"புடிக்காது."
கொஞ்சம் யோசித்தான்.
"அப்ப காயலான் கடையில இன்னா வெல போவும்?"
எனக்குத் தெரியவில்லை. எத்திராஜுலுவுக்கும்.
"இன்னாண்ணா, எதுலயும் சேராத ஒண்ண
வாங்கினு வந்துகீற."

சட்டையைக் கழற்றிவிட்டுக் கையாலும் துழாவினேன்.
தோள் வரை கறுப்பு. கண்ணாடிச் சில்லு ஒன்று
கட்டைவிரலைக் கிழித்ததுதான் மிச்சம்.

பழைய டப்பாவைக் கவிழ்த்து
ரொம்பவும் தின்னப்படாத ஒன்றைப் பொறுக்கி
கம்பி பிரஷ் போட்டுக் கொடுத்தார் எத்திராஜுலு.
ரெஞ்சுக்கு வித்தியாசம் தெரியவில்லை.
அதற்கும் அதே டொக்.

எண்பது கிலோமீட்டர் ஓடியதும்
திரும்ப இறுக்கிப் பார் என்றிருந்தார்.
முகத்துவாரத்து மணலில் மண்டியிட்டுப் பார்த்தேன்.
இருபத்து மூன்றும் அசையவில்லை.
அதுவும்தான்.
கார்த்திகை மழையில் அது மட்டும் ஒழுக ஆரம்பித்தது,
சக்கரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு.
துடைப்பேன். வரும். துடைப்பேன்.

தண்டையார்பேட்டை பக்கம் போனால்
லோகு வண்டியைப் பார்த்துக் காந்தத்தை ஆட்டுகிறான்.
"கெடச்சா எத்தாந்து குடுக்கறேண்ணா!"
எதைக் கொண்டு என்று
நான் கேட்பதில்லை.