எடைமேடை

அடிவாரம். இரவு ஒன்றரை மணி.
மாதையன் லாரி மேடையேறி நிற்கிறது.
இருபது கொண்டை ஊசி வளைவின் சூடு
இன்னும் பிரேக்கில் நாறுகிறது.

மொத்தம் பதினாறு டன் ஐந்நூறு.
வண்டி போக, பாக்சைட் பத்தும் சொச்சமும்.
ரசீதில் மலைக்கென்று கட்டம் கிடையாது.

மேட்டூர் ஆலையில் இது வெள்ளைப் பொடியாகும்;
பிறகு கம்பி, ஜன்னல், விமானச் சிறகு,
ஐந்து ரோட்டில் எவனோ
அவசரமாய்ப் பிரித்துத் தின்னும்
பிரியாணிப் பொட்டலத்தின் தாள்.

"இறங்குங்கண்ணே, ஆளோட சேத்து வருது."
இறங்கினார். எழுபது கிலோ குறைந்தது.
செருப்பை மேடையில் தட்டினார்.
சிவப்பாய் ஒரு பிடி மண்.
எண் அசையவில்லை.

விடிந்து பெருக்கும்போது
அதை எந்தப் பக்கம் தள்ளுவது,
மலைப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?
முத்திரை குத்தி
ரசீதை நீட்டினேன்.