நடுக்கழி

வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள்.
நெல்லிக்குப்பத்தில் ஐந்தே முக்கால் பஸ்.
ஆலை வாசலிலிருந்து கண்ணுக்கெட்டிய மட்டும்
கரும்பு லாரிகள், முகப்பு விளக்கு அணைக்காமல்.
டீக்கடைத் தங்கப்பிள்ளை கிளாசை உயர்த்திக் காட்டினார்.
கையை அசைத்தேன்.
ஏதோ கோபம் என்று நினைத்திருப்பார்.

மஞ்சக்குப்பத்தில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் லேப்.
அஃப்ரின் என்று பெயர்ப்பட்டை குத்திய பெண்
முழங்கைக்கு மேல் ரப்பரை இறுக்கினாள்.
சாம்பல் மூடிக் குழாயில் கொஞ்சம்,
நான் நினைத்ததைவிடக் கறுப்பாக.
ஊதா மூடியில் இன்னும் கொஞ்சம்:
"இது மூணு மாசக் கணக்கு சார்.
நேத்து மட்டும் பட்டினி கிடந்தா ஏமாறாது."

பத்தொன்பது வருஷமாக எனக்கும் இதே வேலை.
லோடின் நடுவிலிருந்து ஒரு கழி உருவி
பிழிந்த சாற்றில் இரண்டு சொட்டு
கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பிடிப்பேன்.
பதினெட்டு என்றால்
வெளியே நிற்பவர் துண்டை உதறித் தோளில் போடுவார்.
பதினாலு என்றால்
"இன்னொரு தடவை பாருங்க சார்."
அடுத்த வண்டி, என்பேன்.

எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ்,
ஒரு டம்ளர் தண்ணீர், ஐந்து நிமிஷத்துக்குள்.
நாக்கு தானாகவே அளந்தது:
இருபதைத் தாண்டும். நல்ல கரும்பு.

இரண்டு மணி நேரம் பெஞ்சில்.
எழுந்து நடக்கக் கூடாதாம்.
ராத்திரி நாலு தடவை எழுந்தது ஞாபகம் வந்தது.
கழிப்பறை ஓரத்து எறும்பு வரிசையை
வேதநாயகி தண்ணீர் ஊற்றித் தள்ளியதும்.
"உங்க சட்டையில ஒட்டிக்கிட்டு வர்ற சர்க்கரைதான்."
இருக்கும், என்று நானும் சொன்னேன்.

"குணசீலன், நாப்பத்தாறு வயசு, யாருங்க?"

வெறும் வயிற்றில் நூற்று நாற்பத்தெட்டு.
குடித்த பிறகு இருநூற்று அறுபத்தொன்று.
ஊதாக் குழாய் ஏழு புள்ளி ஒன்பது.
எண் பெரிதாக வரக் கூடாதென்று
வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டது
தாளை மடித்த பிறகுதான் உறைத்தது.

"இன்னொரு தடவை பாருங்க மேடம்."

அவள் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.
மூன்று எண்ணுக்கும் பேனாவால் கோடு போட்டாள்.
"ஒண்ணு மட்டும்னா இன்னொரு நாள் பாப்போம்.
மூணும் ஒரே பக்கம் சாயுது சார்.
டாக்டர் பதினோரு மணிக்கு வருவார்."

மத்தியான ஷிப்ட். முதல் லோடு மேல்பட்டாம்பாக்கம்.
பதினைந்தரை. ஆள் ஒன்றும் கேட்கவில்லை,
வாசலில் நின்று என் முழங்கைப் பஞ்சையே பார்த்தார்.
இன்னொரு கழி உருவினேன்.
அரைப் புள்ளி குறைந்தது.
முதலில் வந்ததையே எழுதினேன்.